செக்கும் சிவலிங்கமும்
(நம்மூர்ப் பழஞ்சின்னங்களைப் பற்றிய ஒரு சிந்தனை)

“செக்கென்றும் சிவலிங்கமென்றும் தெரியாதவன்” என்பது நம்மவர் நாவிலே நெடுங்காலமாக வழங்கும் பழமொழி. அறியாமையின் எல்லையைக் காட்டுவதற்கு நம் முன்னோர் இதனினும் பொருத்தமான ஓர் உவமையைத் தேடியிருக்க முடியாது. இரண்டும் நிலத்தில் ஊன்றி நிற்பவை. இரண்டிலும் எண்ணெய் படிந்திருக்கும். இரண்டையும் வலம் வருவார் உண்டு. ஆயினும், ஒன்றை வலம் வருபவன் அடியவன். மற்றதை வலம் வருவது மாடு. இந்த வேறுபாட்டை அறியாதவனை உலகம் நகைத்தது.

அப்பழமொழி வெறும் உவமையன்று, நம் கண்முன் நடக்கும் செய்தியே என்பதைச் சில காலத்துக்கு முன் நேரிலே கண்டேன். எங்களூரில் ‘செக்கடி’ என்று ஓரிடம் உண்டு. அங்கே செக்கு ஆடி ஓய்ந்து பல்லாண்டுகள் கழிந்துவிட்டன. பெயர் மாத்திரம் எஞ்சியது. ஊரைச் சுற்றிப் பார்ப்பதற்காக இளைஞர் சிலரை அழைத்துக்கொண்டு நடந்தபோது, வேலியோரத்துப் பற்றைக்குள்ளே பாதி புதைந்து கிடந்த குழிவான கல்லொன்றைக் கண்ட ஒரு தம்பி, “ஐயா, இது உடைஞ்சுபோன ஆவுடையாரோ?” என்று பயபக்தியோடு கேட்டான். “இல்லைத் தம்பி, இதுதான் செக்கு. இதாலைதான் இந்த இடத்துக்குச் செக்கடி எண்டு பேர்” என்றேன். அவன் சிரிக்கவில்லை. “அப்ப இது தேவையில்லாத கல்லே?” என்று மறுபடியும் கேட்டான். அந்த இரண்டாவது கேள்விதான் என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. சிவலிங்கமாயின் போற்றத் தக்கது, செக்காயின் எறியத் தக்கது என்று அவன் எண்ணியதிலே அவன் குற்றம் ஒன்றுமில்லை. நாம் அவனுக்கு அப்படித்தான் கற்பித்திருக்கிறோம்.

ஒரு நாட்டின் பழஞ்சின்னங்களை மூவகையாக வகுக்கலாம். அரசரும் ஆட்சியாளரும் சமயப் பெரியோரும் ஆக்கியவை ஒருவகை. உழைக்கும் மக்கள் தம் வாழ்வுக்காக ஆக்கியவை மற்றொருவகை. மனிதர் எவரும் ஆக்காமல் இயற்கை அன்னை தந்தவை மூன்றாம்வகை. முதல்வகைக்கு வரலாற்று நூல்களிலே இடமுண்டு. மூன்றாம்வகைக்கு அண்மைக்காலத்தில் ஆதரவு பெருகியிருக்கிறது. இடையில் நிற்கும் இரண்டாம்வகைதான் கேட்பாரற்றுக் கிடக்கின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டையும் அதனைச் சார்ந்த பகுதிகளையும் எடுத்துக்கொண்டு இம்மூன்றையும் முறையே நோக்குவோம்.

அரசர் விட்டுச் சென்றவை

நம் குடாநாட்டின் பழமையை ஆராய விரும்புவோர் முதலிற் செல்லவேண்டிய இடம் கந்தரோடை. யாழ்ப்பாணத்தில் மாவட்ட நீதிபதியாக இருந்த போல் ஈ. பீரிஸ் அவர்கள் 1917ஆம் ஆண்டையடுத்து அங்கே ஆராய்ந்து தாம் கண்டவற்றை எழுதி வெளியிட்டார்கள். முருகைக்கல்லாலான சிறு தூபிகளின் தொகுதியை இன்றும் அங்கே காணலாம். 1970ஆம் ஆண்டில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது, அங்கு மக்கள் வாழ்ந்த காலம் கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளுக்குச் செல்வது புலனாயிற்று. கறுப்புச் சிவப்பு மட்பாண்டங்களும் உரோமர் நாணயங்களும் அவ்வூர் மண்ணிலே கிடைத்தவை. அடுத்து, 1980ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் ஆனைக்கோட்டையில் ஆராய்ந்த ஈமக்குழியொன்றில், பிராமி எழுத்துப் பொறித்த முத்திரையொன்று எலும்புக்கூட்டோடு கிடைத்தது. உள்ளங்கையில் அடங்கக்கூடிய அச்சிறு பொருள், நம் நாட்டின் ஆதிவரலாற்றைப் பற்றிய கருத்துக்களையே அசைத்துவிட்டது. பெரியதுதான் வரலாறு என்று எண்ணுவோர் இதனைச் சிந்திப்பாராக.

நல்லூரின் கதையை இச்சஞ்சிகை வாசகருக்கு விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை. 1619ஆம் ஆண்டில் பிலிப்பு டி ஒலிவேரா என்னும் தளபதியின் கீழ்ப் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். 1621ஆம் ஆண்டிலே கந்தசுவாமி கோயில் இடிபட்டது. சங்கிலி மன்னன் கோவைக்குக் கொண்டு செல்லப்பட்டு அங்கே கொலையுண்டான். அவ்வரசின் நினைவாக இன்று நல்லூரிலே நாம் காட்டக்கூடியவை சங்கிலித்தோப்பு வளைவு, மந்திரிமனை, யமுனா ஏரி என்னும் ‘ப’ வடிவக் கேணி ஆகிய சிலவே. இவற்றுள் வளைவும் மனையும் இன்றைய உருவில் பிற்காலக் கட்டட முறையைக் காட்டுகின்றன என்பர் ஆராய்ச்சியாளர். அதனாலே அவற்றின் மதிப்புக் குறைந்துவிடாது. மக்கள் தம் இழந்த அரசை எந்தக் கல்லிலே நினைவு வைத்திருந்தார்கள் என்பதும் வரலாறே அன்றோ?

யாழ்ப்பாணக் கோட்டையோ போர்த்துக்கேயராலே தொடங்கப்பெற்று, 1658ஆம் ஆண்டில் அதனைக் கைப்பற்றிய ஒல்லாந்தராலே ஐங்கோண வடிவிற் புதுக்கிக் கட்டப்பட்டது. அவர்கள் 1706ஆம் ஆண்டிற் கட்டிய தேவாலயம் அதனுள்ளே இருந்தது. 1795ஆம் ஆண்டில் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. மூன்று ஆட்சிகளைத் தாங்கிய அக்கோட்டை நம் காலத்துப் போரைத் தாங்கவில்லை. 1990ஆம் ஆண்டின் முற்றுகையிலும் அதன்பின்னரும் மதில்கள் சிதைந்தன, தேவாலயமும் அழிந்தது. போர் ஓய்ந்தபின் ஒல்லாந்து நாட்டு உதவியும் சேரப் புனரமைப்பு வேலை தொடங்கியது. கட்டியவர் நாட்டவரே வந்து திருத்த உதவும் அளவுக்கு ஒரு கட்டடத்துக்கு மதிப்பு உண்டாயிருப்பது கவனிக்கத்தக்கது.

உழைப்பாளர் விட்டுச் சென்றவை

இனி, கட்டியவர் பெயரும் தெரியாத, திருத்த எவரும் வராத செக்குக்கு வருவோம்.

செக்கு என்பது மிக எளிய பொறி; ஆனால் நுட்பமான பொறி. நிலத்தில் ஆழப் பதித்த பெரிய உரல் ஒன்று. கல்லிற் குடைந்ததும் உண்டு, முதிர்ந்த மரத்திற் குடைந்ததும் உண்டு. அதனுள்ளே சாய்ந்து நிற்கும் கனத்த உலக்கை ஒன்று. உலக்கையின் தலையோடு இணைத்த ஒரு நீள்மரம், அம்மரத்தின்மேற் பாரம், அதன் நுனியிலே கண் கட்டிய மாடு. மாடு சுற்ற உலக்கை உரலின் சுவரோடு வித்தை அழுத்தி நெரிக்கும். செக்காட்டுபவர் அவ்வப்போது சிறிது தண்ணீர் தெளித்துப் பதம் பார்ப்பார். பிண்ணாக்கு உரலின் சுவரோடு ஒட்டிக்கொள்ள எண்ணெய் நடுவிலே ஊறிவரும். உலக்கை எவ்வளவு சாய வேண்டும், உரலின் வாய் எவ்வளவு அகல வேண்டும், பாரம் எவ்வளவு ஏற வேண்டும் என்பனவெல்லாம் ஏட்டில் எழுதா அறிவு. தந்தை கையிலிருந்து மகன் கைக்கு வந்த அறிவு. கை ஓய்ந்தால் அறிவும் ஓயும்.

செக்கிலே எள் ஆட்டினால் நல்லெண்ணெய். தேங்காய் ஆட்டினால் தேங்காயெண்ணெய். வேப்பம்வித்து ஆட்டினால் மருந்தெண்ணெய். இலுப்பை வித்து ஆட்டினால் கிடைப்பதோ கோயில் விளக்குக்குரிய எண்ணெய். இங்கேதான் என் கட்டுரையின் உயிர்நிலை இருக்கின்றது.

கோயில் வீதியிலே இலுப்பை மரம் நிற்கின்றது. அதன் பூ இனிப்பானது. “ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை” என்ற பழமொழியில் வரும் பூ அதுவே. அப்பூவையும் பழத்தையும் நாடி இரவிலே வௌவால்கள் வருகின்றன. பழத்தைத் தின்று வித்தை மரத்தடியிலும் தூரத்திலும் போடுகின்றன. விடியலில் ஏழைப் பெண்களும் சிறுவரும் அவ்வித்துக்களைப் பொறுக்கி உலர்த்துவர். வித்துச் செக்குக்குப் போகும். எண்ணெய் கோயிலுக்குப் போய் விளக்காகும். எஞ்சிய பிண்ணாக்கு எண்ணெய் முழுக்குக்கு அரப்பாக வீட்டுக்கு வரும். மரம், வௌவால், வித்துப் பொறுக்கும் கை, செக்கு, கோயில், வீடு ஆகிய ஆறும் ஒரு வட்டமாகச் சுழன்றன. செக்குமாடு சுற்றிய சிறு வட்டத்தினாலே ஊர் முழுவதும் அடங்கிய அந்தப் பெருவட்டம் சுழன்றது. ஆதலால், செக்கையும் சிவலிங்கத்தையும் வேறுபடுத்தி அறிதல் அறிவு. அவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பை அறிதல் அதனினும் உயர்ந்த அறிவு. செக்கு நின்றபின் இலுப்பை வித்தைப் பொறுக்குவார் இல்லை. பொறுக்குவார் இல்லாதபோது மரம் ‘குப்பை கொட்டும் மரம்’ ஆயிற்று. அது தறிபட்டபோது தடுப்பாரும் இல்லை. மன்னார்ப் பக்கத்து இலுப்பைக்கடவை முதலாக இலுப்பையின் பெயர் தாங்கிய இடங்கள் நம் நாட்டில் உள்ளன. பெயருக்குரிய மரத்தை அவ்விடங்களிலே தேடிப் பார்ப்பது நல்லது.

செக்கின் புகழ் நம்மூரோடு முடிவதன்று. சிங்கள மக்களும் அதனைச் ‘செக்குவ’ என்றே வழங்குகின்றனர்; ஒரே பொறியும் ஒரே பெயரும் இரு மக்களுக்கும் பொதுவாயின. தமிழகத்திலே எழுத்துப் பொறித்த கற்செக்குகள் பல கிடைத்துள்ளன. ஊரார் நன்மைக்காக இன்னார் இச்செக்கை இடுவித்தார் என்று அவை கூறும். குளம் தொட்டவனைப் போலச் செக்கு இட்டவனும் அறஞ் செய்தவனாகவே கருதப்பட்டான் என்பது இதனால் விளங்கும். அதே செக்கு கொடுமைக்கும் கருவியாயிற்று. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சுதேசிக் கப்பல் ஓட்டுவதற்காக 1906ஆம் ஆண்டிலே கம்பனி தொடங்கிய வ. உ. சிதம்பரம்பிள்ளை அவர்கள், 1908ஆம் ஆண்டிலே தண்டனை பெற்றுக் கோயம்புத்தூர்ச் சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கிழுத்தார்கள். அந்தச் செக்கை இன்று நினைவுச் சின்னமாகப் போற்றுகின்றனர். தியாகியின் கை பட்டதால் ஒரு செக்குப் புனிதமாயிற்று. ஆயிரம் உழைப்பாளர் கை பட்ட செக்குகளோ பற்றைக்குள் கிடக்கின்றன.

செக்கு ஒன்று மாத்திரமன்று. தலைச்சுமையோடு நடந்தவன் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கவும் ஏற்றவும் நட்ட சுமைதாங்கிக் கல், கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக நாட்டப்படுவது மரபு; ஒரு குடும்பத்தின் துயரம் ஊராரின் ஆறுதலாக மாறிய சின்னம் அது. மாடுகள் உடம்பை உராய்ந்துகொள்ள நாட்டிய ஆவுரோஞ்சிக்கல், அவை நீர் குடிக்கக் கட்டிய தொட்டி, ஆள் இறங்கும் படிக்கட்டோடு மாடு இறங்கும் சரிவும் அமைத்த கேணி ஆகியன வாயில்லாச் சீவனுக்கும் வீதியிலே உரிமை உண்டு என்று உணர்ந்தோர் செய்தவை. பருத்தித்துறையிலே வீதியை மூடி நிற்கும் தெருமூடிமடத்தைப் பாருங்கள். வழிப்போக்கன் மடத்தைத் தேடிப் போக வேண்டாம், மடமே அவன் நடக்கும் வழியின்மேல் நிழலாக நிற்கின்றது.

இன்னும் அண்மைக்காலத்து ஆலைகளையும் மறத்தலாகாது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கி, 1990ஆம் ஆண்டிலே போரினால் ஓய்ந்தது. நம் வீடுகளிற் பல அந்தச் சீமெந்தால் எழுந்தவை. ஊர்தோறும் நெல்லுக் குற்றிய, மா அரைத்த மில்களும் இப்போது ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. அவற்றில் உழைத்தோரிற் சிலர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்களிடம் கேட்டெழுதக்கூடிய காலம் இதுவே.

இயற்கை தந்தவை

நம் குடாநாட்டில் ஆறில்லை, மலையில்லை. ஆயினும் சுண்ணக்கல்லாலான இந்நிலம் மழைநீரைத் தன்னுள்ளே தேக்கிவைத்து நம்மைக் காத்து வருகின்றது. நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணறு அச்சுண்ணக்கல் கரைந்து இடிந்ததால் உண்டான இயற்கைப் பள்ளம். இராமபிரான் அம்பெய்து உண்டாக்கியது என்பது ஐதிகம். மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் நிற்கும் அக்கிணறு நமக்கெல்லாம் ஒரு பாடம். நம் காலடியில் உள்ள நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய படையே. அளவின்றி இறைத்தால் கீழே உள்ள உவர் மேலே வரும். முன்னோர் துலாவால் இறைத்த காலத்திலே கையின் களைப்பே அளவாயிருந்தது. இயந்திரத்துக்குக் களைப்பில்லை, ஆதலால் அளவை நாமே வைத்துக்கொள்ள வேண்டும்.

குடாநாட்டின் தென்கிழக்கே உள்ள சுண்டிக்குளம் 1938ஆம் ஆண்டிலே பறவைகள் சரணாலயமாக்கப்பட்டு, 2015ஆம் ஆண்டிலே தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. கனகராயன் ஆற்றின் நீர் வந்து சேரும் அக்களப்பிலே கண்டற்காடும் உப்புச் சதுப்பும் பரந்து கிடக்கின்றன. மாரிகாலத்தில் வட தேசங்களின் கடுங்குளிருக்கு அஞ்சிப் பல்லாயிரங்காவதம் பறந்து வரும் வாத்தினங்களும் உள்ளான்களும் அங்கே தங்கும். பூநாரைகள் கூட்டமாக நிற்கும்போது நீர்ப்பரப்பே வெளிறிய செம்மை பூண்டது போலத் தோன்றும். மன்னார்ப் பகுதியில் உள்ள வங்காலைச் சரணாலயம் 2010ஆம் ஆண்டிலே உலகப் புகழ்பெற்ற ராம்சார் ஈரநிலங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. கோட்டையின் சிதைவுகளும், கல்லடுக்கி எழுப்பிய வேலிகளும், கட்டாக்காலிக் குதிரைகளும் உள்ள நெடுந்தீவின் ஒரு பகுதியும் 2015ஆம் ஆண்டிலே தேசியப் பூங்காவாயிற்று. அங்கும் மன்னாரிலும் நிற்கும் பெருக்கமரங்களை அராபிய வணிகர் கொண்டுவந்தனர் என்பது பொதுவான கருத்து. அந்நியர் கொணர்ந்த மரமும் நெடுநாள் நின்றால் நம் மண்ணின் மரமாகிவிடுகின்றது.

சட்டமும் நாமும்

வனவிலங்குகளையும் தாவரங்களையும் காக்க 1937ஆம் ஆண்டிலே 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், தொல்பொருள்களைக் காக்க 1940ஆம் ஆண்டிலே 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் இந்நாட்டிலே ஆக்கப்பட்டன. பின்னையது 1815ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆந் திகதிக்கு முற்பட்டவற்றையே பழஞ்சின்னம் எனப் பொதுவாகக் கொள்கின்றது. பிற்பட்டவற்றைத் தனிக் கட்டளையாற் காக்கவும் இடமுண்டு. அத்திகதி கண்டி இராச்சியம் ஆங்கிலேயருக்குக் கைம்மாறிய நாள். அரசர்களின் கதைக்கு அது பொருத்தமான எல்லை. ஆனால் செக்குக்கும் சுமைதாங்கிக்கும் அரசர் மாறிய நாள் எது என்று தெரியுமா? எழுத்தில்லாத கல்லின் வயதை யார் நிறுவுவது? அதற்காக விண்ணப்பம் எழுதப் போகிறவர் யார்? ஆகவே மதில் அகலிக்கும்போது சுமைதாங்கி பெயர்க்கப்படுகின்றது. வீதி அகலிக்கும்போது கேணி தூர்க்கப்படுகின்றது. போரினால் அழிந்தவற்றுக்காக நாம் கண்ணீர் விடுகின்றோம். அது நியாயமே. போர் விட்டுவைத்ததைச் சமாதான காலத்திலே நம் கையால் நாமே அழிப்பதற்கு யாரிடம் முறையிடுவது?

“மாட்டின் கண்ணைக் கட்டிச் சுற்ற வைத்த செக்கு ஒழிந்தது நல்லதுதானே?” என்று சிலர் வினவலாம். வினா நேரியதே. செக்காட்டியவர் வாழ்வும் அம்மாட்டின் வாழ்வைப் போலவே கடினமாயிருந்தது. அவரை ஊர் எப்போதும் சரியாக மதித்ததுமில்லை. அந்த நாட்கள் திரும்பி வரவேண்டும் என்று யான் கூறவில்லை. மறக்கப்படலாகாது என்றே கூறுகின்றேன். அரண்மனையை மாத்திரம் பாதுகாத்தால், அரசர் மாத்திரமே இம்மண்ணில் வாழ்ந்தார் என்று வருங்காலம் எண்ணிவிடும். கற்செக்கு ஒன்றைப் பாதுகாத்தால், அதனைச் சுற்றி வந்த மாட்டுக்கும் மனிதனுக்கும் நாம் செய்யத் தவறிய மரியாதையை ஓரளவாயினும் செய்தவராவோம்.

செய்யத்தக்கவை

இளைஞர்களே, இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. சங்கந்தோறும் நால்வர் ஐவர் சேர்ந்து, விடுமுறை நாளொன்றிலே தம்மூரைக் கால்நடையாகச் சுற்றுங்கள். மடம், கேணி, சுமைதாங்கி, ஆவுரோஞ்சிக்கல், செக்கு, பழைய மில், முதுமரம் ஆகியவற்றைக் காணுமிடத்தில் நிழற்படம் எடுத்து, அளந்து, இருக்கும் இடத்தைக் குறித்து வையுங்கள். ஊர் முதியோரை அணுகி, அதனை நாட்டியவர் யார், பயன்படுத்தியவர் யார் என்று கேட்டு எழுதுங்கள். கல்லை இருந்த இடத்திலிருந்து பெயர்க்காதீர்கள். இடம் மாறிய கல் பாதி வாயை இழந்துவிடும். எதையும் தோண்டவும் முற்படாதீர்கள். அது சட்டத்துக்கும் மாறானது, ஆராய்ச்சிக்கும் கேடானது. பழமையானது என்று ஐயம் தோன்றின் தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். பறவைகளைக் காணச் செல்வோர் ஓசையின்றிச் செல்லுங்கள். பொலித்தீன் பையொன்றையும் அங்கே விட்டு வராதீர்கள். கோயில் வீதியிலே இடமிருந்தால் ஓர் இலுப்பங்கன்று நடுங்கள். அதன் நிழலை நாம் அனுபவியாமற் போகலாம். நமக்கு நிழல் தந்த மரத்தை நட்டவனும் அதனை அனுபவித்திருக்க மாட்டான்.

நான் முன்னே சொன்ன தம்பி மறுவாரமே தன் தோழரோடு சென்று அந்தச் செக்கைச் சுற்றிய பற்றையை வெட்டித் துப்புரவு செய்துவிட்டான். “ஐயா, இதுக்குப் பக்கத்திலை ஒரு பலகை நடுவமே? என்ன எழுதுறது?” என்று கேட்டான். “‘இது செக்கு’ எண்டு எழுது, தம்பி, அது போதும்” என்றேன். இன்று அவ்வழியே செல்லும் சிறுவர் நின்று வாசிக்கின்றனர். செக்கென்றும் சிவலிங்கமென்றும் தெரியாதவர் எங்களூரில் இனி இரார்.